இலவச வேன்

குப்பைத் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்த வெண்டல், மஞ்சள் தொப்பி போட்ட அந்தப் பெண் எப்போது திரும்புவாள் என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்து மூன்று. சட்டை முழுக்கப் பச்சைக் கிளிகள்.

"டேய், அசிங்கமா இருக்குடா. அதுக்கு உன் பொண்ணு வயசு," என்றார் நண்பர் லானி.

"அதனாலதான்டா பார்க்கறேன்," என்று பல்லைக் கடித்தார் வெண்டல். "ஷெல்பிகிட்ட இதே மாதிரி ஒரு தொப்பி இருக்கு."

அந்தப் பெண் திரும்பினாள். ஷெல்பி இல்லை. வெண்டலுக்குப் போன உயிர் வந்துவிட்டது, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. லானியும் இன்னொரு நண்பர் கர்ட்டும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

கல்லூரி வசந்த விடுமுறைக்குத் தோழிகளோடு இந்த ஃபுளோரிடாக் கடற்கரைக்குப் போகட்டுமா என்று மகள் கேட்டதிலிருந்து மூன்று வாரம் வீட்டில் ஒரே ரகளை. "அங்க என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கக் கூடாது!" என்று மேஜையைத் தட்டினார் வெண்டல். தெரியாமல் என்ன? முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மணலில் இந்த மூன்று பேரும் போட்ட ஆட்டம் கொஞ்சமா?

கடைசியில் ஷெல்பிதான் இறங்கி வந்தாள். சர்ச் சபைக்காரர்களோடு ஒரு வாரம் ஊழியத்துக்குப் போகிறாளாம். காலையில் பேன்கேக் சுட்டுப் போடுவது, அப்புறம் நடக்க முடியாதவர்களை வண்டியில் ஏற்றி அவரவர் இடத்தில் கொண்டுபோய் விடுவது. ஏதோ முதியோர் இல்லம் என்று நினைத்துக்கொண்ட வெண்டல், எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் அவள் நெற்றியில் முத்தமிட்டு அனுப்பிவைத்தார்.

மறுநாளே, அட்லாண்டாவில் தன் கூரை போடும் தொழிலுக்கான கண்காட்சி என்று மனைவியிடம் ஒரு பொய். ஜார்ஜியாவில் இருக்கும் வீட்டிலிருந்து நண்பர்களோடு நேராக இங்கே வந்து இறங்கிவிட்டார்.

வந்து என்ன கண்டார்கள்? ராத்திரி பக்கத்து அறைக்காரர்கள் போட்ட பாட்டுச் சத்தத்தில் ஒருவருக்கும் பொட்டுத் தூக்கமில்லை. கர்ட் காலையில் வாலிபால் ஆடப் போய், முதல் பந்திலேயே முதுகைப் பிடித்துக்கொண்டார். போகட்டும், மணலில் உட்கார்ந்து ஒரு பீராவது குடிக்கலாம் என்றால், மார்ச் மாதம் முழுக்கக் குடிக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

காவலுக்கு நின்ற பெண் ஒருத்தி அருகில் வந்தாள். "சார், உங்க பசங்க யாராவது தொலைஞ்சு போயிட்டாங்களா?"

"ஆமாம்மா, தேடிக்கிட்டிருக்கோம்," என்று சொல்லிவைத்தார் கர்ட். வேறென்ன சொல்வது?

வெண்டலுக்கு அழுகையே வரும்போல இருந்தது. இந்தக் கூத்துக்கா பொய் சொல்லிவிட்டு வந்தோம்? மனைவிக்குத் தெரிந்தால் திட்டுவாள், இரண்டு நாளில் ஆறிவிடுவாள். ஷெல்பிக்குத் தெரிந்தால் திட்டமாட்டாள், சும்மா பார்ப்பாள். அதற்கப்புறம் எந்த முகத்தோடு அவளிடம் ஒரு வார்த்தை சொல்வது?

"ரூமுக்குப் போயிடலாம்டா," என்றார் அவர். "கொஞ்சம் தூங்கினாப் போதும் எனக்கு."

அந்த ஒரு விஷயத்தில் மூன்று பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு கரையோரமாகவே நடந்து வந்ததில், ஹோட்டல் இரண்டு மைலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சாலையைத் தொடுவதற்குள் மூன்று பேரும் நொண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

வெள்ளை வேன் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"ஏறிக்குங்க சார், காசெல்லாம் வேண்டாம். எவ்வளவு குடிச்சிருக்கீங்க?"

"ஒரு சொட்டுகூட இல்லம்மா," என்றார் லானி. "மூட்டு வலி."

பின்சீட்டில் மூன்று பேரும் மூட்டை மாதிரி விழுந்தார்கள். ஏசிக் காற்று முகத்தில் பட்டதும் வெண்டல் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். இந்தப் பயணத்திலேயே சுகமான நிமிடம் அதுதான்.

"உங்களுக்காக ஏதாவது ஜெபம் பண்ணட்டுமா சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண். "என்ன கஷ்டமா இருந்தாலும் சொல்லலாம்."

லானிக்குக் கால்தான் நின்றுபோயிருந்தது, வாய் இல்லை. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்மா, இதோ இந்த வெண்டலுக்குப் பண்ணு. பொண்ணை இங்க வரக் கூடாதுன்னு விரட்டிட்டு, ஐயா தானே வந்துட்டாரு. அது அவளுக்குத் தெரியாம இருக்கணும்."

"சும்மா இருடா," என்றார் வெண்டல், கண்ணைத் திறக்காமலே. அப்புறம் தணிந்த குரலில் சொன்னார்: "பண்ணும்மா. நல்லா அழுத்திப் பண்ணு."

அந்தப் பெண் ஜெபம் பண்ணவில்லை. பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள். வேன் நகரவே இல்லை.

ஓட்டுநர் சீட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அந்த ஜெபத்துக்கு நேரம் தாண்டிடுச்சு, அப்பா. பெல்ட்டைப் போடுங்க."