இரண்டு சொட்டுப் புகை

அவன் அவளுடைய தலையை முகர்ந்து பார்த்தான்.

சாப்பாட்டின் பாதியில் எழுந்து வந்திருந்தான். கறிக்குழம்பில் விறகடுப்பு மணம் தூக்கலாக இருந்தது. கேட்டுக் கேட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டான். எச்சில் கையோடு அடுப்படிக்கு வந்து, பின்னால் நின்று, அவள் முடியில் மூக்கை வைத்தான்.

சீயக்காய் மணத்தது.

சீயக்காய் மட்டும் மணத்தது.

விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்தவளின் தலையில் புகை இருக்க வேண்டும்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

புகை அவளுக்கு ஆகாது. விறகை மூட்டினால் நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். மருத்துவர் சொல்லியும் அவன் அதை நடிப்பு என்றான். கேஸில் கொதித்த குழம்பு என்று தெரிந்தால் தட்டு சுவருக்குப் பறக்கும்.

ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு புட்டி அவள் கண்ணில் பட்டது. விறகுப் புகையைத் தண்ணீரில் பிடித்து அடைத்த பழுப்புத் திரவம். குழம்பை இறக்கும்போது இரண்டு சொட்டு போதும்.

அதற்குப் பிறகு தட்டு பறக்கவில்லை. நெஞ்சும் இழுக்கவில்லை.

அவன் பின்வாசலுக்குப் போனான். விறகடுப்பின் சாம்பலுக்குள் கையை விட்டான்.

சில்லென்று கிடந்தது.

திரும்பி வந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக உருட்டினான். பருப்பு சிதறியது. புட்டி அகப்பட்டது. திறந்து முகர்ந்தான்.

“எத்தன நாளா என்னையக் கேனயனாக்கிட்டு இருக்கறே?”

முதல் அடியில் காது அடைத்தது. அடுத்ததில் உதடு கிழிந்தது. முடியைக் கையில் சுற்றி அவள் நெற்றியைச் சமையல் மேடையில் மோதினான்.

அவள் அலறினாள்.

பக்கத்து வீட்டில் டிவி சத்தம் கூடியது. அவள் அலறும்போதெல்லாம் கூடும். லைன் வீடுகள். நடுவில் ஒரே ஒரு சுவர்.

“பொகை ஆகாதாக்கும் உனக்கு? இந்தா, நல்லாத் தலைக்கு ஊத்திக்க.”

புட்டியை உச்சியில் கவிழ்த்தான். கண் எரிந்தது. ஆத்திரம் தீராமல் மிச்சத்தை, ஆம்லெட்டுக்காகக் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லில் வீசினான்.

சொய்யென்று வெள்ளைப் புகை எழுந்து அடுப்படியை நிறைத்தது. ஜன்னல் வழியே வாசலுக்குப் போனது.

அவள் நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. இப்போது அலறக்கூட முடியவில்லை.

டிவி சத்தம் நின்றது.

செருப்புகள் ஓடின. குடங்கள் இடித்துக்கொண்டன. கதவு அதிர்ந்தது.

“அம்மிணி! கதவத் தெறங்க! தீப்புடிச்சுப் போச்சாட்ட இருக்குது!”

பக்கத்து வீட்டுச் சாரதாமணியின் குரல். அவளுக்குப் பின்னால் லைனே கத்தியது.

அவன் கை முடியை விட்டது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“ஒண்ணுமில்லீன்னு சொல்லுடி.”

தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது.

சாரதாமணி இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். கிழிந்த உதட்டைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். சுற்றிலும் தேடினாள்.

“தீ எங்கம்மிணி?”

அவள் கையை நீட்டி அவனைக் காட்டினாள்.

சாரதாமணி குடத்தை இறக்கி வைக்கவில்லை.