மூலச் சான்றிதழ்

இரண்டு எழுத்தாளர்களின் நட்பிலிருந்துதான் புதிய உலகங்கள் பிறக்கின்றன என்று தில்லைநாயகம் எல்லா மேடையிலும் முழங்குவார். அரசு அதை நம்பிவிட்டது. இப்போதெல்லாம் எழுதியவரின் இருபதாண்டு போன் பேச்சை இயந்திரம் கேட்டு, மூலம் யாருடையது என்று சான்றிதழ் தந்தால்தான் மாயாஜாலக் கதை எதுவும் அச்சேறும்.

பன்னிரண்டு ஆண்டுகள் தில்லைநாயகம் எழுதிய பறக்கும் நகரத்து நாவலுக்குச் சான்றிதழ் வந்தது. ஆசிரியர்: அவருடைய நண்பரும் சக மாயாஜால எழுத்தாளருமான சவரிராயன். ஆதாரம், தில்லைநாயகமே போனில் சொன்னது: “என் மூலத்துக்கு வழி காட்டுனதே நீருதான் வே.”

சவரிராயன் பதறிக்கொண்டு வந்தார். “நான் சொன்னது கருணக்கிழங்கு லேகியத்தையில்லா வே! ஆட்சேபணை மனு போடும்.”

“போட்டா மொத்தப் பேச்சையும் சபையில ஓட்டுவானுவளாம். என் வாசகிய அத்தன பேரும் வருவாளுவ.”

“பன்னெண்டு வருச உழைப்பு வே! நானே போய்ச் சொல்லிருதேன்.”

“வாயத் தொறந்தீரு, நம்ம சிநேகிதம் அத்தோட முடிஞ்சிது.”

நாவல் சவரிராயன் பெயரில் வெளிவந்தது. விழா முழுக்கத் தில்லைநாயகம் நின்றுகொண்டே கைதட்டியதை நட்பின் சிகரம் என்று பத்திரிகைகள் எழுதின. அவரால் உட்கார முடியவில்லை.