ஆந்தைப் பள்ளியில் ஓர் இடம்

ஆலமரத்து ஆந்தைப் பள்ளியில் எலிகளைச் சேர்ப்பதில்லை. ஒரு தாய் எலி நடையாய் நடந்து கெஞ்சியதில், தலைமை ஆந்தையார் கடைசியில் இறங்கி வந்தார்.

"இங்கே யாருக்கும் பேதம் கிடையாது. எல்லாரும் எங்கள் குரலில் பேச வேண்டும், அவ்வளவுதான்" என்றார்.

தாய் சந்தோஷமாக மூத்த மகள் செல்லியைச் சேர்த்துவிட்டாள்.

வாய் தவறிக் கீச்சிட்டால் செல்லியை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அவள் கெட்டிக்காரி. வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். விடுமுறை விட்டதும் வீட்டுக்கு ஓடினாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. வளை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"அம்மா, நான் செல்லி வந்திருக்கேன்."

உள்ளே தாய்க்குக் கேட்டது ஆந்தைக் குரல். மற்ற குட்டிகளை உள்ளே இழுத்துக்கொண்டு, வாசலை மண் தள்ளி அடைத்தாள்.

"மூச்சு விடாதீங்க. ஆந்தை வந்திருக்கு. அக்கா பேரைக்கூடத் தெரிஞ்சு வெச்சிருக்கு."