பொது மாப்பு

மேசன் கலந்தருக்கு முதலில் அநியாயம் செய்தவன், வீடு கட்டும் வேலைகளைக் கொந்தராத்து எடுக்கும் றாஸிக்.

நற்பிட்டிமுனையில் ஒரு வீட்டுக்கு மேல்தளமாகப் போட்ட கொங்கிறீட் பிளேட் இறுகுமுன்னே, தாங்கி நின்ற முட்டுகளைக் கழற்றச் சொன்னது அவன்தான். முட்டுகள் அடுத்த வேலைக்கு அவசரமாம். பிளேட் விழுந்ததும், "கலந்தர் என்னக் கேக்காமக் கழட்டிப்போட்டான்" என்று பள்ளிவாசல் முற்றத்தில் நின்றே சொன்னான்.

அன்றோடு கலந்தரை யாரும் மேசன் வேலைக்குக் கூப்பிடவில்லை. வயிறு கேட்கவில்லை. கடைசியில் றாஸிக்கின் வேலையிலேயே சீமெந்து குழைக்க வந்து நின்றார்.

"விழுத்தினவனுக்கே சோறு போடுறாரு, என்ன மனசு!" என்று கல்முனை ஊரே றாஸிக்கைத்தான் புகழ்ந்தது.

இப்போது றாஸிக் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டான். ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்கு ஆளுக்காள் நேரே நின்று மாப்புக் கேட்பதுதான் ஊர் வழக்கம். கலந்தர் வெளுத்த சாறன் உடுத்திக்கொண்டு வாசலிலேயே இருந்தார். வந்து கேட்டால் கொடுக்கத்தான் நினைத்திருந்தார். 'கழட்டச் சொன்னது நான்தான்' என்று நாலு பேருக்கு முன்னால் அவன் சொன்னால் போதும்.

றாஸிக் வரவில்லை. வாட்ஸ்அப்பில் குரலை அனுப்பிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

அதைக் கலந்தருக்குப் போட்டுக் காட்டியவள் நப்லா. கம்பஸில் இன்ஜினியருக்குப் படித்துவிட்டு ட்ரெயினிங்குக்கு வந்த சவளக்கடை ஊர்ப் பிள்ளை. றாஸிக் போகும்போது வேலையை அவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான்.

"கேளுங்க மாமா. ஹாஜியார் எல்லாரிட்டயும் மாப்புக் கேட்டிரிக்கார்."

போனுக்குள் றாஸிக் விம்மினான். "தெரிஞ்சும் தெரியாமலும் நான் செஞ்ச பிழைகள அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்யுங்க."

"அதுல என்ட பேரு வந்ததா புள்ள?"

"எல்லாருக்கும் பொதுவாத்தானே மாமா."

"பொதுவாவா அவன் என்ட பேரக் கெடுத்தான்?"

கம்பி கட்டிக்கொண்டிருந்த முஸ்தாக் சிரித்தான். "கலந்தர் காக்காட நெஞ்சுக்கு முட்டே தேவல்ல புள்ள. அது எப்பயோ இறுகிட்டு!"

நப்லா சிரிக்கவில்லை. "ஹஜ்ஜுக்குப் போன மனிசர் மாமா. அல்லாஹ்வே மன்னிக்கக்கொள்ள நாம ஆரு?"

கலந்தர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

சில நாட்கள் போக, மக்காவிலிருந்து றாஸிக் பேசினான். இரைச்சலில் கேட்காததால் நப்லா ஸ்பீக்கரில் போட்டாள். பக்கத்தில் கலந்தரும் முஸ்தாக்கும் மட்டும்தான் நின்றார்கள்.

"மகள், பின்பக்கப் பிளேட்டுட முட்டுகளக் கழட்டி மருதமுனை வேலைக்கு ஏத்திரு."

"சேர், இப்பதானே போட்டது. இன்னும் இறுகல்லயே."

"படிச்சத புத்தகத்துக்குள்ள வை. உன்ட ட்ரெயினிங்குக்குக் கையெழுத்து வைக்கிறது ஆரு? நானா, உன்ட கம்பஸா?"

நப்லாவின் முகம் சுண்டிப்போனது. "சரி சேர்."

"நான் தொடமாட்டன் புள்ள," என்றார் கலந்தர். "நீயும் தொடாத. ஆருக்காவது மேல விழும்."

"உங்கட பழைய கோவத்த வேலயில காட்டாதீங்க மாமா. முஸ்தாக் காக்கா, நீங்க கழட்டுங்க."

முஸ்தாக் முட்டுகளைக் கழற்றிக்கொண்டிருக்க, நடுப்பகல் ளுஹர் பாங்கு கேட்கும் நேரம் பிளேட் தொய்ந்து இறங்கியது. முஸ்தாக்கின் தோள் எலும்பு முறிந்தது. ஓட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சற்று முன்வரை பகிடி விட்டுக்கொண்டிருந்தவன், வலியில் உம்மாவைக் கூப்பிட்டபடி போனான்.

மேற்பார்வை இன்ஜினியர் நல்லரெத்தினம் பறந்தடித்துக்கொண்டு வந்தார்.

"ஆர் கழட்டச் சொன்னது?"

கலந்தர் நப்லாவைப் பார்த்தார். நப்லா தன் காதால் கேட்டவள். அவள் றாஸிக்கின் பெயரைச் சொல்லட்டும். அந்தப் பழைய பிளேட்டை விழுத்தியதும் அவன்தான் என்று கல்முனைக்குத் தானாக விளங்கிவிடும்.

நப்லா நிலத்தைப் பார்த்தாள்.

"கலந்தர் மாமாதான் சேர். என்னக் கேக்காமக் கழட்டச் சொல்லிட்டார்."

"இந்தாளா? முந்தியும் இதத்தானே செஞ்சவர்!"

"அல்லாஹ்வுக்காக இல்ல சேர்," என்றார் கலந்தர். "போன்ல சொன்னது றாஸிக்..."

"சும்மா இரும் ஐயா. மக்காவுக்குப் போன மனிசர்ல பழி போடுறீரே, நாக்கு அழுகாதா?" இன்ஜினியர் திரும்பிப் பார்க்காமல் அலுவலக அறைக்குள் போய்விட்டார்.

சுற்றி நின்றவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு கலைந்தார்கள்.

பின்னேரம் கலந்தர் பைப்படியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து நிற்பாட்டியாகிவிட்டது. நப்லா வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவள் போனில் கேட்கவில்லை. வழக்கப்படி நேரே வந்துதான் கேட்டாள்.

"மாமா, உங்கட பேரு எப்பயோ கெட்டதுதானே. என்ட பேரு இப்பதான் தொடங்குது. எனக்கு மாப்புச் செய்யுங்க."

கலந்தர் பைப்பைப் பூட்டித் தண்ணீரை நிறுத்தினார்.

"இன்ஜினியர் சேர் இன்னும் உள்ளுக்குத்தான் இரிக்கார். அவருக்கிட்டப் போய் உண்மையச் சொல்லிப்போட்டு வா புள்ள. அந்த நிமிசமே தாறன்."

நப்லா அந்த அறையைப் பார்த்தாள். பிறகு பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, சவளக்கடை பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.