முதல் டாக்டரின் சீட்டு

“எடையை மட்டும் வச்சு இந்த எடை குறைக்கிற ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கெடைக்காது ஐயா. பி.எம்.ஐ. நாப்பது வேணும். உங்க மகளுக்கு முப்பத்தேழுதான்.”

நாகர்கோவிலில் அந்த ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேசையில் இருந்த ஜினிஷா சொன்னதும், சேக் முகம்மது விறைப்பாக நிமிர்ந்தார்.

“அப்பம் வேற வழி?”

“மருந்துக்கு அடங்காத சுகர் இருக்குல்லா? அதைக் காட்டலாம். முதமுதல்ல பாத்த டாக்டரோட சீட்டு வேணும். அது இல்லேன்னா ஃபைல் நகராது.”

சீட்டு அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. கைதான் போகவில்லை. பக்கத்து நாற்காலியில் சம்மந்தி சுலைகா பீவி. துபாயில் இருக்கும் மருமகன் சஃப்வான் எடுத்த பாலிசி என்பதால், அவனுடைய உம்மாவும் வந்திருந்தாள்.

மகள் ஜஸீனாவுக்குக் கல்யாணமாகி நாலு வருடம். சீட்டுக்கு வயது ஆறு. பெண் பார்க்க வந்தவர்களிடம், “எம் மவளுக்கு ஒரு தலைவலிகூட வந்தது கெடையாது” என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னவர் அவர். அவர் வாயில் பொய் வராது என்பது தேங்காய்ப்பட்டணத்துக்கே தெரிந்த சங்கதி.

“என்ன காக்கா, நோயாளி மேல வார்டுல கெடக்கா, வேர்வை உங்களுக்கா?” என்றாள் சுலைகா பீவி.

“ஒண்ணுமில்ல.”

“ஐயா, இன்னும் தள்ளிப்போட்டா கிட்னி தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சீட்டு இருக்கா, இல்லியா?” என்றாள் ஜினிஷா.

நாலு படி ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய மகளின் முகம் கண்ணில் வந்தது. சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“சம்மந்தி, கேட்டுக்கிடுங்க. நிக்காஹுக்கு முன்னாலயே அவளுக்கு சுகர் உண்டு. மறைச்சது நான். பிள்ளையை ஒண்ணும் சொல்லிராதீங்க.”

சுலைகா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தேதியைப் பார்த்த ஜினிஷா உதட்டைக் கடித்தாள். “பாலிசிக்கு முந்தியே வந்த நோயா? படிவத்துல சொல்லாம விட்டிருந்தா கம்பெனி ஒத்துக்கிடாதே! இருங்க, பாக்கேன்.”

தன் பொய் கடைசியில் மகளின் உயிருக்கே வந்து நிற்கிறதே! சேக் முகம்மதின் முதுகு முதல்முறையாக வளைந்தது.

கம்ப்யூட்டரைத் துழாவிய ஜினிஷா சிரித்தாள். “இதுக்கா இப்படிப் பயந்திய? பாலிசி எடுக்கும்போதே சுகர் உண்டுன்னு தெளிவா எழுதியிருக்கு. பழைய நோய்க்கு உண்டான மூணு வருஷக் காத்திருப்புக் காலமும் முடிஞ்சாச்சு. தைரியமா இருங்க, கெடைச்சிரும்.”

அவருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. “அல்ஹம்துலில்லாஹ்! ஆனா… இத யாரு எழுதினது?”

“நான்தான் எழுதச் சொன்னேன்” என்றாள் சுலைகா பீவி மெதுவாக. “பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே ஜஸீனா அடுக்களையில வச்சு எல்லாம் சொல்லிட்டா காக்கா. ‘உங்களுக்குத் தெரியும்னு வாப்பாகிட்ட மட்டும் காட்டிக்கிடாதீங்க மாமி, அவிய தலை குனிஞ்சு நான் பாக்கக் கூடாது’ன்னு என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டா.”