நெரிசல் இல்லாத தெரு

கடைத்தெருவில் இருக்கிற கடைகளை ஊருக்கு வெளியே தூக்கிப் போட்டால் நெரிசல் குறையுமா என்று கம்ப்யூட்டர் மாடலில் ஓட்டிப் பார்த்தார் பொறியாளர். குறையவில்லை. அந்தக் கடைகளில் ஒன்று அவருடைய அக்காவின் தையல் கடை.

"அக்காவுக்காகக் கதை விடுறியா?" என்று எகிறிய அதிகாரி, கடைகளை அகற்றும் உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவும் கையுமாக வந்தார். பொறியாளரின் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பாருய்யா! ஒரு வண்டி இல்ல, ஒரு தலை இல்ல! கடையை எடுத்தா தெரு துடைச்சு விட்ட மாதிரி ஆகும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! நீயெல்லாம் படிச்சு என்ன பிரயோஜனம்?"

"சார், அது வந்து..."

"வாயை மூடு. மாடல்னா இப்படி இருக்கணும். நிழல்கூட அசல் மாதிரியே விழுது!"

பொறியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அது அசல்தாங்க. வண்டி எண்ணுறதுக்குத் தெருவுல வச்சிருக்கிற கேமரா. இன்னைக்கு எல்லாரும் கடையை அடைச்சிட்டாங்க."

"அடைச்சிட்டு எங்கய்யா போனாங்க?"

பொறியாளர் ஏசி அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டார். கூச்சல் காதைப் பிளந்தது.

"நம்ம வாசலுக்குத்தாங்க. அந்தக் கையெழுத்தைக் கீழே போய் அவங்க முன்னாடியே போடுங்களேன்."