சத்தியம் பண்ணிய தளபதி

லண்டன் வெம்பிளியில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகம். வெளியே காத்திருந்த நேரத்தில் ஸ்ரீஸ்கந்தராஜா, தன்னோடு வேலை செய்யும் செர்பியன் சொன்ன கதை ஒன்றை மனைவி சிவனேஸ்வரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்தக் காலத்திலை செர்பியாவிலை ராடோமிர் எண்டு ஒரு பிரபு. பெரிய தளபதி. துருக்கியர் கோட்டையைச் சுத்தி வளைச்சும் ஆள் அசையேல்லை. தன்ரை குதிரையையே வெட்டித் திண்டு சண்டை பிடிச்சவராம்.”

“பிறகு?”

“பிறகென்ன, கோட்டை விழுந்திட்டுது. ஊரும் எரிஞ்சு போச்சு. மனிசி பிள்ளையளோடை போக இடமில்லை. கடைசியிலை சுல்தானுக்கு முன்னாலை முழந்தாளிலை நிண்டு, ‘இனி நான் உங்கடை ஆள்’ எண்டு சத்தியம் பண்ணிப்போட்டார்!”

“பாவம் மனிசன்.”

“என்ன பாவம்? மானமுள்ளவன் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருப்பான். நானெண்டால் அந்நியனுக்கு முன்னாலை வாயே திறந்திருக்கமாட்டன்!”

கதவு திறந்தது. வழக்கறிஞர் அவரை உள்ளே அழைத்தார்.

ஸ்ரீஸ்கந்தராஜா கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு போனார். நீட்டிய தாளை வாங்கி வாசித்தார். பிரித்தானியக் குடியுரிமைக்கான சத்தியம் அது. மகாராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உண்மையான விசுவாசத்தோடு இருப்பதாகச் சொல்லும் இடத்தில் அவருடைய குரல் உள்ளே போய்விட்டது.

“கொஞ்சம் சத்தமாக” என்றார் வழக்கறிஞர்.

இரண்டாந்தரம் வாசித்தது வெளியிலும் கேட்டது.

வெளியே வந்தவரிடம் சிவனேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். “முழந்தாளிலை நிண்டனீங்களோ?”

“இல்லையப்பா,” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. “இருக்க மெத்தை வைச்ச கதிரை தந்தவை.”